நீரும் ஆளும் நுழையும் பூங்கா

நகரத்தில் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன, மத்திய அரசு 2014இல் வெளியிட்ட நகர்த் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள். கேட்க நன்றாக இருக்கிறது. சென்னைக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டத்தில் சுமார் 46.5 லட்சம் பேர் இருந்தனர். பரப்பு ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டர். தலைக்கு 10 சதுர மீட்டர் என்றாலே 46.5 சதுர கிலோமீட்டர் வேண்டும். பழைய சென்னையின் கால் பங்குக்கும் மேலே இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் விதைத்தால்தான் அது நடக்கும்.

நடக்கப்போவதில்லை. தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ புதிதாக ஒரு பூங்கா அமைவது தலைமுறைக்கு ஒருமுறை நடந்தால் பெரிது. பரப்பைக் கூட்ட முடியாத நகரம், கையில் உள்ள பரப்பிலிருந்து எவ்வளவு பயன் எடுக்கிறது என்பதில்தான் வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது. கடந்த 15 ஆண்டுகளில் தென்சென்னையிலும் நடுச்சென்னையிலும் உருவான பூங்காக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாம் அந்த வேலையைத் தப்பான இடத்தில் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. பூங்காவுக்குள் என்னென்ன வைப்பது என்பதில் பணமும் கவனமும் போகின்றன. ஒரு பூங்காவின் பயனைத் தீர்மானிப்பவையோ இரண்டு: அதன் மண்ணுக்குள் நீர் இறங்குகிறதா, அதன் வாயில் வழியே ஆள் நுழைய முடிகிறதா.

நிலம் வரும் வழி

நெரிசல் மிகுந்த நகரத்தில் எந்தப் பூங்காவும் வெற்று நிலத்தில் பிறப்பதில்லை. ஏற்கெனவே வேறொன்றாக இருந்த நிலம்தான் பூங்காவாகிறது. அந்தப் பழைய வாழ்வு புதிய பூங்காவை விட்டுப் போவதுமில்லை.

தியாகராய நகரே இதற்கு முதல் சாட்சி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியின் மாம்பலம் பகுதியை 1920களில் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கும், அன்றைய சென்னை மாகாண முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரை நடுவில் இருந்த பூங்காவுக்கும் வைத்தார்கள். தெருக்கள் பூங்காவிலிருந்து கிளைத்துப் போகும்படி திட்டமிட்ட ஊர் அது. ஏரி போய் நூறாண்டு ஆனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் நிற்கிறது. நவம்பர் மழையில் தண்ணீரும் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, கடைத்தெருவாகத் தெரிந்த இடம் ஏரியாகத் தெரிந்தது.

கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவின் கதை வேறு. ராபர்ட் வைட் முன்னின்று 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலம் அது. 1962 முதல் அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் நடந்தது. காரிலேயே உட்கார்ந்து காபி குடித்தவர்களும், ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவர்களும் அந்த மரங்களின் அடியில்தான் பொழுதைக் கழித்தார்கள். 2008இல் உணவகம் மூடப்பட்டது. நிலத்தை மீட்ட அரசு, 20 ஏக்கரில் பூங்கா அமைத்து 2010 நவம்பரில் திறந்தது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு என்பதால் அந்தப் பெயர். புதிய பூங்காவுக்கு முதல் நாளே நிழல் இருந்ததென்றால், அது உணவகம் வெட்டாமல் விட்டுவைத்த பழைய மரங்களின் புண்ணியம்.

அடையாற்றின் முகத்துவாரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்கா, கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டி மேடாகிப்போன கழிமுகத்திலிருந்து மீட்கப்பட்டது. 2006இல் அமைந்த அறக்கட்டளை ஒன்று பணியை எடுத்துக்கொண்டது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் சூழலியலாளர்கள் திட்டம் வகுத்தார்கள். கொட்டியதை அள்ளி, ஓதநீர் ஏறி இறங்க வழிவிட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை நட்டு, 58 ஏக்கர் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. இடிபாட்டைக் கொட்டுவதற்கு ஆன காலத்தைவிட, அள்ளி அப்புறப்படுத்தவும் சதுப்பை மறுபடி உயிர்ப்பிக்கவும் ஆன உழைப்பு பல மடங்கு.

அண்மைக் கதை கிண்டி குதிரைப் பந்தய மைதானம். 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலம், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். வாடகை பாக்கி 730 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்பது அரசின் அறிவிப்பு. அந்த மைதானத்தில் குளங்கள் வெட்டும் பணியை மாநகராட்சி தொடங்கியது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் பாயாமல் தடுக்க இந்த நிலம் உதவும் என்பது கணக்கு. வழக்குகள் ஒருபக்கம் நடக்க, மண்வெட்டும் வேலையும் நடந்தது.

பூங்கா நிலம் வந்த வழியே திரும்பிப் போவதும் உண்டு. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் தொடங்கிவைத்த மக்கள் பூங்கா, சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் விரிந்திருந்தது. குளங்களும் சாலைகளும் பின்னர் விலங்குக்காட்சி சாலையும் கொண்ட அந்தப் பூங்காவை எந்தப் பேராசைக்காரரும் ஒரே நாளில் விழுங்கிவிடவில்லை. விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது, விளையாட்டரங்கம் வந்தது, 1985இல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. ஒவ்வொன்றும் பொதுக் காரியம்தான். பூங்காவைக் காக்கும் பொறுப்பிலிருந்த மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையே பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காக்க 1959இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. தனியார் ஆக்கிரமிப்பைச் சட்டம் காட்டித் தடுக்கலாம். இன்னொரு பொதுக் காரியம் வந்து கேட்கும்போது பூங்கா எதைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளும்? தினமும் வந்து புழங்கும் ஆள்களைத் தவிர அதற்கு வேறு காவல் இல்லை.

ஏக்கருக்கு எவ்வளவு

செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. 6.09 ஏக்கர், செலவு சுமார் 46 கோடி ரூபாய். ஜிப்லைன், பறவைக்கூடம், கண்ணாடி மாளிகை, இசை நீரூற்று எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் 20 ஏக்கர் செம்மொழிப் பூங்காவுக்கு 2010இல் ஆன செலவு சுமார் 8 கோடி.

ஏக்கருக்கு வகுத்தால் 2010இல் 40 லட்சம், 2024இல் ஏழரைக் கோடி. பதினான்கு ஆண்டு விலைவாசி ஏற்றத்தைத் தாராளமாகக் கழித்தாலும் இடைவெளி பல மடங்கு. இரண்டுக்கும் நடுவே மாறியிருப்பது பூங்கா என்பதைப் பற்றிய எண்ணம். முதலாவது உலாவும் இடம்; இரண்டாவது பார்த்துவிட்டு வரும் இடம். திறந்த புதிதில் கூட்டம் அலைமோதியது உண்மை. குழந்தைகளுக்கு அது பெரிய மகிழ்ச்சி என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் 300 ரூபாய் கொடுத்து நுழையும் இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகலாம், இருமுறை போகலாம். அலுவலகம் விட்டு வீடு திரும்பும் வழியில் பத்து நிமிடம் உட்கார யாரும் அங்கே போக மாட்டார்கள். கேளிக்கை இடத்துக்கு நகரில் தேவை உண்டு. அதைப் பூங்காக் கணக்கில் எழுதுவதுதான் இடறுகிறது. அரிதாகக் கிடைத்த ஆறு ஏக்கர், அன்றாடப் புழக்கத்துக்குக் கிடைத்ததா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு பதில் தராது.

அடியில் என்ன மண்

சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே இங்கே பூங்கா என்பது மழைநீருக்கும் ஓர் இடம்தான். 2003இல் மழைநீர் சேகரிப்பை வீடுதோறும் கட்டாயமாக்கிய மாநிலத்தில், பூங்காக்களில் பலவற்றைத் தெருவைவிட மேடாக்கி, நடைபாதைக்குச் சிமென்ட் கல் பதித்து, மழைநீரை வெளியே வடிகாலுக்குத் தள்ளுகிறோம்.

பனகல் பூங்காவை எடுத்துக்கொள்வோம். எட்டு ஏக்கர், அதாவது சுமார் 32,000 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் மட்டும் விழும் நீர் 32 லட்சம் லிட்டர். பூங்காவின் பாதிப் பரப்பை ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அதில் 48 லட்சம் லிட்டர் நிற்கும். தன் மேல் விழுந்ததை முழுதும் வைத்துக்கொண்டு, சுற்றுத் தெருக்களிலிருந்து இன்னும் 16 லட்சம் லிட்டரை வாங்கிக்கொள்ளலாம். தியாகராய நகரின் வெள்ளத்தை இது ஒன்றே தீர்த்துவிடாது. ஆனால் வெள்ளத்தோடு சேரும் இடமாக இருந்த பூங்கா, வெள்ளத்தைக் குறைக்கும் இடமாக மாறும்.

இதற்கு நடைமுறைச் சான்று பாங்காக்கில் இருக்கிறது. சுலாலங்கோன் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பூங்கா 2017இல் திறக்கப்பட்டது. நகரின் விலையுயர்ந்த வணிகப் பகுதியில் 11 ஏக்கர். நிலவடிவமைப்பாளர் கொச்சகோன் வோராகோம் பூங்கா முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று பாகை சாய்த்தார். மேல்முனையில் பசுங்கூரை, சரிவில் புல்வெளியும் நீர்த்தாவரப் படுகைகளும், கீழ்முனையில் குளம். ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள். நீரை இழுத்துப்போவது நிலத்தின் சாய்வு. வந்தவர்கள் சரிவுப் புல்லில் சாய்ந்து உட்காருகிறார்கள்.

அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. சென்னைக்குள்ளேயே மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணலில் நீர் சட்டென்று இறங்கும். கசிவுக் குழிகளே போதும், குளம் தங்காது. தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் களிமண். மேலே நிறுத்தினால் நிற்கும், தானாகக் கீழே போகாது. களிமண்ணைத் துளைத்து அடியிலுள்ள மணற்படுகை வரை உறைகிணறு இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. அங்கே நீரை இறக்குவதைவிடத் தேக்குவதே வழி, குளம் வெட்டுவது பொருத்தம். 2021 வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சி ஸ்பாஞ்ச் பூங்காக்கள் என்ற பெயரில் பல பூங்காக்களில் தாழ்நிலக் குட்டைகளை அமைத்தது நல்ல தொடக்கம். ஒரே வார்ப்பில் எல்லாப் பகுதியிலும் குழி தோண்டாமல், மண் பார்த்துச் செய்தால் அது நிலைக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: தெருநீரில் கழிவுநீர் கலந்திருந்தால் முதலில் வண்டல் தொட்டியிலும் செடிப்படுகையிலும் தங்கித் தெளிந்த பிறகே உள்ளே வரவேண்டும். இல்லையென்றால் பூங்கா கொசுப் பண்ணையாகிவிடும். ஒரே பருவத்தில் அக்கம்பக்கத்தார் மனுக் கொடுத்துக் குட்டையைத் தூர்க்கச் சொல்வார்கள்.

மரத்துக்கும் இதே பாடம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. சட்டென்று வளர்ந்து பூத்து நிற்கும் அயல்மரங்கள் பலவும், சுற்றிலும் சிமென்ட் பூசி வேர் ஓட இடமில்லாமல் நின்ற மரங்களும் சாய்ந்தன. கடலோரக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும் பழகியவை. கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பது மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு நாவலும் மருதும், நடுநிழலுக்குப் புங்கனும் வேம்பும் மகிழும் என்று நிலத்தின் ஏற்றஇறக்கம் பார்த்து நடலாம். அலங்காரச் செடியைத் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கலாம்; பத்தாண்டு நிழலை அப்படி இறக்க முடியாது. ஆகவே, இருக்கும் மரத்தின் அடிப்பரப்பை முதலில் வரைந்துகொண்டு, மிச்சத்தில்தான் மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு யார்

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் பெண்களும் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் அந்த வாழ்வைத் திரையில் காட்டியது. கடைகளில் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. தியாகராய நகரில் பூங்கா யாருக்கு மிக அவசரத் தேவை என்று கேட்டால் இவர்களுக்குத்தான். இவர்களுக்கு ஓய்வு கிடைப்பது மதியச் சாப்பாட்டு வேளையில். சென்னையில் பல பூங்காக்கள் காலையில் சில மணிநேரமும் மாலையில் சில மணிநேரமும் மட்டும் திறந்து, நண்பகலில் பூட்டியிருந்ததோ நெடுநாள் வழக்கம்.

இந்தப் பூட்டுக்குள் ஒரு வடிவமைப்பு ஒளிந்திருக்கிறது. சென்னைப் பூங்கா நடைப்பயிற்சி செய்பவரை மனத்தில் வைத்து உருவானது. வட்டப்பாதை, எட்டு வடிவ நடைபாதை, கூழாங்கல் பாதை, உடற்பயிற்சிக் கருவிகள் என எல்லாமே காலையிலும் மாலையிலும் வந்து உடலை அசைப்பவருக்கானவை. அவர் நடுத்தர வயதைக் கடந்தவர், பக்கத்துத் தெருக்காரர், அலுவலக நேரத்தில் வராதவர். அவருக்கு இவை வேண்டியவைதான். சும்மா உட்கார வருபவர், பொருள் வாங்கிக் களைத்த வெளியூர்க்குடும்பம், கைக்குழந்தையோடு வந்த தாய், உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஆகியோரை இந்த வடிவமைப்பு கணக்கில் எடுக்கவில்லை. சும்மா உட்காருபவரை ஐயத்தோடு பார்ப்பது காவலாளியின் பழக்கமாகவும் ஆகிவிட்டது.

நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பூங்கா ஒன்றேமுக்கால் கிரவுண்டு நிலம்தான். மூன்று பக்கமும் கட்டடம், பின்சுவரில் அருவி, மேலே மரநிழல், விருப்பம்போல் நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள், தெருவைப் பார்த்துத் திறந்த முகப்பு. அந்நகரின் சிறு பொதுவெளிகளை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் 1980இல் வெளியிட்ட நூலில், மக்கள் உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்ற எளிய முடிவுக்கு வந்தார். கேலியாகத் தோன்றும் அந்த முடிவின்படி பார்த்தால், பரப்பைவிட இருக்கையும் நிழலும் தெருவோடு உள்ள உறவும்தான் ஒரு வெளியை வாழவைக்கின்றன. நாற்காலியைச் சங்கிலியால் கட்டும் ஊரில் இதை எப்படிச் செய்வது என்று கேட்கலாம். 2019 நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டபோது, வேலியும் வாயிலும் இல்லாமலேயே ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாலையில் அங்கே இடம் பிடிப்பதே பாடு.

எல்லா வாயிலும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்பதல்ல வாதம். தொல்காப்பியப் பூங்கா பறவையும் நண்டும் வாழும் சதுப்பு. அங்கே ஆள்வரத்தைக் கட்டுப்படுத்தியதற்கும், பள்ளி மாணவர்களைக் குழுவாக அழைத்துப்போய்க் காட்டியதற்கும் காரணம் உண்டு. கழிமுகத்துக்கு ஒரு நியாயம், கடைத்தெருவுக்கு ஒரு நியாயம். இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலி போடுவதுதான் பிழை.

செலவில்லாமல் ஆள்களை ஈர்ப்பதற்கு மயிலாப்பூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேசுவர ராவின் பெயரைத் தாங்கிய லஸ் பூங்காவை, மாநகராட்சியின் இசைவோடு சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி நடக்கும், பாடுபவர்கள் பிள்ளைகள், மைக் கிடையாது. கேட்க விரும்புபவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், மற்றவர் தம்போக்கில் நடக்கலாம். ஒரு மேடை, கொஞ்சம் நிழல், தவறாமல் நடத்த ஓர் ஆள். இதற்கு ஏழரைக் கோடி தேவைப்படவில்லை.

அடுத்த பூங்கா

நடுச்சென்னையில் அடுத்து வடிவமைக்க வேண்டிய புதிய பூங்கா, நூறு வயதை நெருங்கும் பனகல் பூங்காதான். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் மெட்ரோ தடத்தின் சுரங்க நிலையத்துக்காக அதன் ஒரு பகுதி அடைக்கப்பட்டது. பணி முடிந்து நிலம் திரும்பும்போது பழையபடி பாதை போட்டுப் புல் பதித்துத் திறப்பது எளிது. அங்கேயே இந்த நகரம் கற்றதைச் செய்துகாட்ட வாய்ப்பும் இருக்கிறது.

நிலையத்தின் கான்கிரீட் கூரைமேல் வரும் பகுதியில் பெருமரம் வேரூன்றாது. அங்கே திறந்த திடலும் இருக்கைகளும் போதும். தொடப்படாத மண்ணில் பெருமரங்களும், தாழ்த்திய புல்வெளியும், களிமண்ணைத் தாண்டி இறங்கும் உறைகிணறுகளும் அமையட்டும். நிலைய வாயில்களில் நீர் புகாதபடி அவற்றை உயர்த்தியே கட்டுவார்கள். அந்த உயரத்துக்கும் தாழ்நிலத்துக்கும் இடையிலான சாய்வையே உட்காரும் படிகளாக்கலாம். மெட்ரோ ஓடும் நேரமெல்லாம் பூங்காவும் திறந்திருக்க வேண்டும். இரவில் நிலையத்துக்கு விளக்கும் காவலும் இருக்கும்போது பூங்காவுக்குத் தனியாக இரண்டையும் தேட வேண்டியதில்லை. கழிப்பறையும் குடிநீரும் நுழைவுக் கட்டணமின்றி வேண்டும். உஸ்மான் சாலைப் பக்கம் மதிலை இறக்கி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெருவுக்கும், தெருவில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவருக்கும் தெரிய விட்டால், தனியாக வரும் பெண்ணுக்கு அதுவே பாதி பாதுகாப்பு.

பெரிய பூங்கா கிடைக்காத தெருக்களுக்கும் வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித் தரவேண்டும் என்பது விதி. 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். பழைய பங்களாக்கள் இடிந்து அடுக்ககம் எழும் அடையாறிலும் ஆழ்வார்பேட்டையிலும் பெரும்பாலான மனைகள் சிறியவை. வந்தாலும் பணமே வரும், நிலம் வராது. அந்தப் பணம் வந்த வட்டத்திலேயே ஒன்றிரண்டு கிரவுண்டை வாங்கி, பேலி அளவிலான நிழற்கூடங்களாக மாற்ற மாநகராட்சி முடிவெடுத்தால், ஆறு ஏக்கருக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

திட்ட அறிக்கைகள் இன்று நட்ட மரக்கன்றுகளையும் பொருத்திய கருவிகளையும் எண்ணுகின்றன. ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்க அந்தக் கணக்கு உதவும். பூங்கா பலித்ததா என்று அறிய வேறு இரண்டு கணக்கு வேண்டும். நவம்பர் கனமழைக்கு மறுநாள் சுற்றுத் தெருக்களில் நீர்மட்டம் முன்பைவிட எவ்வளவு குறைந்தது என்பது ஒன்று. மே மாதத்தில் ஒரு வேலைநாள் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், காசு கொடுக்காமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆண்டுதோறும் எண்ணி வார்டு வாரியாக வெளியிடும் நாளில், ஜிப்லைன் கேட்டு வரும் திட்டங்களும் தம்மை வேறுவிதமாக எழுதிக்கொள்ள நேரும்.